பழைய டிராக்டருக்கு மாற்று லோடர்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நாமக்கல் பக்கம் கோழி எரு அள்ளவும், பொள்ளாச்சி பக்கம் தென்னை நார் மில்களில் தூள் தள்ளவும், சூளைகளில் மண் ஏற்றவும் பதினைந்து இருபது ஆண்டுகளுக்கு முன் டிராக்டரில் மாட்டிய முன்பக்க லோடர்கள் இப்போது ஒவ்வொன்றாக ஓய்ந்துவருகின்றன. எஞ்சின் நன்றாக இருக்கிறது, லோடர்தான் போய்விட்டது, வேறு எதைப் போடுவது என்று கேட்பவர்களுக்கான பதில்கள் இவை. 35 முதல் 45 எச்.பி. வரையுள்ள, பின்சக்கரம் மட்டும் இழுக்கும் வண்டிகளை மனத்தில் வைத்து எழுதியிருக்கிறேன். கணக்குப் போடும் இடங்களில் மாசி பெர்குசன் 1035-ஐ எடுத்துக்கொண்டேன். தமிழ்நாட்டில் அந்த வண்டி இல்லாத ஊர் குறைவு.

பழைய லோடரையே சரிசெய்து ஓட்ட முடியாதா?

பல சமயம் முடியும். பின்-புஷ் (மூட்டுகளைக் கோக்கும் ஊசித் தண்டும் அதன் உள்வளையமும்) தேய்வது, சிலிண்டர் சீல் கசிவது, ஹோஸ் வெடிப்பது எல்லாம் தேய்மானக் கணக்கு. லேத் பட்டறையில் புஷ் கடைந்து போட்டு, சீல் கிட் மாற்றினால் இன்னும் சில ஆண்டுகள் ஓடும். அதற்காகப் புது லோடர் வாங்குவது வீண் செலவு.

மாற்ற வேண்டிய நிலை வேறு. வண்டியைச் சமமான சிமெண்டுத் தரையில் நிறுத்தி, பக்கெட்டைத் தரையிலிருந்து நான்கு விரல் உயரத்துக்கு இறக்குங்கள். முன்னால் போய்க் குனிந்து இரண்டு மூலைகளையும் பாருங்கள். ஒரு மூலை நான்கு விரல், இன்னொரு மூலை இரண்டு விரல் என்றால், முதலில் முன் டயர் இரண்டிலும் காற்று ஒரே அளவா என்று பார்க்க வேண்டும். காற்று சரியாக இருந்து, பின்-புஷ்ஷிலும் ஆட்டம் இல்லையென்றால் பக்கெட்டைத் தாங்கும் லோடர் கை முறுக்கிக்கொண்டிருக்கிறது. முறுக்கிய கையை நெருப்பு காட்டி நிமிர்த்தித் தருகிறேன் என்பார்கள். நிமிரும், ஆனால் சூடுபட்ட இடம் பழைய பலத்துக்குத் திரும்பாது.

அடுத்து, இரண்டு கைகளையும் இணைக்கும் குறுக்குக் குழாயையும், வண்டியோடு பொருந்தும் தூண்களின் அடிப்பகுதியையும் கம்பி பிரஷ் போட்டுத் தேய்த்துப் பாருங்கள். பெயிண்டில் மயிரிழை போலத் துருக்கோடு ஓடினால் அடியில் விரிசல் இருக்கும். ஒரே இடத்தில் வெல்டிங்கின் மேல் வெல்டிங் ஏறியிருந்தால் அந்த லோடரோடு மேலும் மல்லுக்கட்ட வேண்டாம்.

எத்தனை கிலோ தூக்கும் லோடர் வாங்க வேண்டும்?

எல்லோரும் முதலில் கேட்பது இதைத்தான். பதிலை லோடரில் தேடினால் கிடைக்காது. முன் அச்சில் தேட வேண்டும்.

1035-இன் எடை ஏறக்குறைய 1,700 கிலோ. முன் பின் சக்கரங்களுக்கு இடையே சுமார் 1.83 மீட்டர். எடையில் நாற்பது சதவீதம் முன்னால் என்று வைத்தால் முன் அச்சில் 680, பின் அச்சில் 1,020 கிலோ. இதில் 400 கிலோ எடையுள்ள லோடரை மாட்டுகிறோம். அதன் எடை மையம் முன் அச்சுக்கு ஒரு சாண் முன்னால், 20 செ.மீ. அளவில் இருந்தால் முன் அச்சில் 444 கிலோ ஏறும், பின் அச்சில் 44 கிலோ இறங்கும்.

இப்போது பக்கெட்டில் 500 கிலோ மணல். பக்கெட்டின் நடுப்பகுதி முன் அச்சிலிருந்து ஒன்றரை மீட்டர் முன்னால் இருக்கிறது. முன் அச்சு தாங்கவேண்டியது 500 கிலோ மட்டும் என்று நினைத்தால் ஏமாந்துபோவோம். சுமை அச்சைத் தாண்டி வெளியே தொங்குவதால் அது பின்பக்கத்தைத் தூக்கி அந்த எடையையும் முன்னால் கொண்டுவந்து போடுகிறது. கணக்குப்படி முன் அச்சில் கூடுவது 910 கிலோ, பின் அச்சில் குறைவது 410. ஆக, முன்னால் 2,034, பின்னால் 566. நிலத்தை உழுவதற்காக, 680 கிலோவைத் தாங்கி ஓடுவதற்காகச் செய்த முன் அச்சு இப்போது மூன்று மடங்கு சுமக்கிறது. இது வண்டி நிற்கும்போது. பள்ளத்தில் ஏறி இறங்கினால் இன்னும் மேலே.

பின்பக்கம் இன்னும் மோசம். இந்த வண்டிகளில் பிரேக் பின்சக்கரங்களில் மட்டுமே இருக்கிறது. பின்னால் 566 கிலோதான் என்றால் சரிவில் பிரேக்கை மிதித்தும் சக்கரம் வழுக்கிக்கொண்டே போகும்.

எனவே 35 எச்.பி. வண்டிக்கு நான் சொல்லும் எண், உச்ச உயரத்தில் 400 முதல் 500 கிலோ தூக்கும் லோடர். 45 எச்.பி. வண்டியில் முன் அச்சு கனமானதாக இருந்தால் 600 வரை போகலாம். கடைக்காரர் 1,000 கிலோ தூக்கும் என்று காட்டும் லோடர் உண்மையிலேயே 1,000 கிலோ தூக்கும். அதைத் தாங்கப்போவது கடைக்காரரின் வண்டி இல்லை.

பின்புறம் எடை கட்டாயமா? டயரில் தண்ணீர் நிரப்பினால் போதாதா?

கட்டாயம். 400 கிலோ எடையைப் பின் அச்சுக்கு ஒரு மீட்டர் பின்னால் தொங்கவிட்டால் பின் அச்சில் 619 கிலோ கூடும். முன் அச்சில் 219 கிலோ குறையும். மேலே சொன்ன 2,034 இப்போது 1,815 ஆகிவிட்டது. 566 ஆக இருந்த பின்பக்கம் 1,185 ஆகிவிட்டது. ஒரு கான்கிரீட் கட்டி செய்யும் வேலை இது.

தண்ணீர் நல்லதுதான். இந்த அளவு பின் டயரில் முக்கால் பங்கு நிரப்பினால் ஒரு டயருக்கு 150 முதல் 200 லிட்டர் பிடிக்கும். பிடிப்பு கூடும். ஆனால் அந்த எடை பின் அச்சின் மேலேயே உட்கார்ந்திருக்கிறது. முன் அச்சின் பாரத்தில் ஒரு கிலோகூடக் குறையாது. அதைக் குறைக்க எடை பின் அச்சைத் தாண்டி வெளியே தொங்க வேண்டும். இரண்டையும் செய்வது உத்தமம். ஒன்றுதான் முடியுமென்றால் தொங்கும் எடையைச் செய்யுங்கள்.

செய்வதும் எளிது. 200 லிட்டர் பீப்பாய் ஒன்றில் முழுக்கக் கான்கிரீட் போட்டால் சுமார் 480 கிலோ வரும். 400 போதுமென்றால் ஆறில் ஐந்து பங்கு ஊற்றுங்கள். ஊற்றுமுன், வண்டியின் பின்னால் கலப்பை மாட்டும் கீழ் இணைப்புகள் இரண்டுக்கும் குறுக்கே ஒரு கனமான தண்டும், மேல் இணைப்புக்கு ஒரு காதும் பீப்பாய்க்குள் வைத்து, உள்ளே கம்பியோடு சேர்த்து வெல்டிங் செய்துவிட வேண்டும். வெளியே சங்கிலியால் கட்டித் தொங்கவிடும் கல் ஊஞ்சலாடும். அது எடையில்லாமல் இருப்பதைவிட ஆபத்து. கலப்பையையே எடையாக வைத்துக்கொள்கிறேன் என்பவர்கள், அது எத்தனை கிலோ என்று ஒருமுறை எடை மேடையில் பார்த்துவிட்டு முடிவெடுக்கலாம்.

பக்கெட் எவ்வளவு பெரிதாக இருக்கலாம்?

எதை அள்ளப்போகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. 0.35 கனமீட்டர் பக்கெட்டில் உலர்ந்த மணல் மட்டமாக அள்ளினால் 560 கிலோ. ஈர மண் என்றால் 630-ஐத் தாண்டும். அதே பக்கெட்டில் மக்கிய எரு 250 கிலோ அளவுக்குத்தான் வரும். உமியும் காய்ந்த நார்த்தூளும் ஐம்பது அறுபது கிலோவைத் தாண்டுவது கடினம்.

நார் மில்காரர் பெரிய பக்கெட் கேட்பது நியாயம். சூளைக்காரர் அதே பக்கெட்டை மாட்டினால் வண்டி முழங்கால் போட்டுவிடும். இரண்டு வேலையும் உண்டென்றால் இரண்டு பக்கெட் வாங்குங்கள். பக்கெட்டைச் சட்டென்று கழற்றி மாட்டும் கொக்கி அமைப்புள்ள லோடராகப் பாருங்கள். அந்தக் கொக்கி அமைப்புக்கும் எடை உண்டு, அது பக்கெட்டை இன்னும் முன்னால் தள்ளுகிறது என்பதையும் கணக்கில் சேர்க்க வேண்டும். பக்கெட்டின் அகலம் முன் டயர்களின் வெளி விளிம்பைவிட ஓரிரு விரலாவது கூடுதலாக இருக்கட்டும். இல்லையென்றால் அள்ளாமல் விட்ட மண்மேட்டில் முன் டயர் ஏறும்.

வண்டியின் சொந்த ஹைட்ராலிக் போதுமா?

வண்டியைப் பொறுத்தது. மாசி பெர்குசன் வைத்திருப்பவர்கள் இந்தப் பதிலை நிதானமாகப் படிக்க வேண்டும்.

பெர்குசன் முறை ஹைட்ராலிக்கில் பம்ப் வெளியே தெரியாது. பின்பக்கக் கூட்டுக்குள், கியர் எண்ணெயில் மூழ்கி, பி.டி.ஓ. தண்டோடு (பின்னால் மாட்டும் கருவிகளைச் சுழற்றும் தண்டு) சேர்ந்து சுழலும் பிஸ்டன் பம்ப் அது. கலப்பையைத் தூக்கவும் உழும் ஆழத்தைத் தானே சீராக்கவும் அருமையான அமைப்பு. 1930-களில் ஹாரி பெர்குசன் கொண்டுவந்ததன் வழிவந்தது. ஆனால் லோடருக்கு அது மூன்று விதத்தில் ஒத்துவராது.

முதலாவது, எண்ணெய் ஓட்டம் குறைவு. நிமிடத்துக்கு 15, 16 லிட்டரைச் சுற்றித்தான் வரும். லோடர் கையைத் தூக்கும் சிலிண்டர் இரண்டும் 50 மி.மீ. உள்விட்டம், அரை மீட்டர் நீட்டம் என்றால் முழுதாக எழ இரண்டு லிட்டர் எண்ணெய் வேண்டும், ஏழெட்டு விநாடி. எஞ்சின் வேகத்தைக் குறைத்தால் இன்னும் நேரமாகும். நாளைக்குப் பத்து பக்கெட் அள்ளுபவருக்கு இது பொருட்டில்லை. நாள் முழுக்க அள்ளுபவருக்கு உயிர் போகும்.

இரண்டாவது, ஒற்றைக் கிளட்ச் வண்டியில் கிளட்சை மிதித்தவுடன் பம்பும் நின்றுவிடும். டிரெய்லர் ஓரமாகப் போய், கிளட்சை மிதித்து நிறுத்தி, பக்கெட்டைத் தூக்கலாம் என்று லீவரை இழுத்தால் ஒன்றும் நடக்காது. இரட்டைக் கிளட்ச் வண்டியில் பாதி மிதிக்கும்வரை பம்ப் ஓடும் என்பதால் சமாளிக்கலாம்.

மூன்றாவதுதான் பணத்தைத் தின்பது. அந்த எண்ணெயில்தான் கியரும் பின் அச்சும் ஓடுகின்றன. லோடர் சிலிண்டர் தண்டில் ஒட்டும் மண்ணும் எருவின் ஈரமும் சீல் வழியாக உள்ளே போனால், அது நேராக கியர்பெட்டிக்குப் போகிறது. ஹோஸ் ஒன்று வெடித்தால் கொட்டுவதும் கியர் எண்ணெய்தான்.

வேறு பல வண்டிகளில் எஞ்சினோடு சுழலும் கியர் பம்ப் இருக்கும். அவற்றில் கிளட்ச் தொல்லை இல்லை. அங்கும் பம்பின் ஓட்டம் எவ்வளவு, எண்ணெய் எதோடு பகிரப்படுகிறது என்ற இரண்டையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

அப்படியென்றால் தனி பம்பா? எங்கே பொருத்துவது?

தினமும் லோடர் வேலை இருந்தால் தனி பம்ப், தனி டேங்க், தனி ஃபில்டர் என்பதில் எனக்கு இரண்டாவது எண்ணம் இல்லை.

முன்பக்கத்தில், கிராங்க் புல்லியிலிருந்து ஒரு தண்டு வழியாக கியர் பம்பைச் சுழற்றுவது நல்ல வழி. சுற்றுக்கு 16 சி.சி. தள்ளும் பம்ப், நிமிடத்துக்கு 2,000 சுற்றில் கசிவு போக நிமிடத்துக்கு 29, 30 லிட்டர் தரும். முன்பு ஏழெட்டு விநாடி எடுத்த கை இப்போது நான்கு விநாடியில் எழும். 150 பார் அழுத்தத்தில் 30 லிட்டர் என்றால் எஞ்சினிலிருந்து ஏறக்குறைய 10 எச்.பி. போகும், 35 எச்.பி. வண்டி அதைத் தாங்கும். இதைவிடப் பெரிய பம்ப் போட ஆசைப்பட வேண்டாம். கவனிக்க வேண்டியது தண்டின் நேர்கோடு. புல்லியும் பம்பும் இம்மி விலகினாலும் கப்ளிங் ரப்பர் மாதத்துக்கு ஒருமுறை போகும், பிறகு கிராங்க் சீலும் போகும். முன்பக்க வார்ப்பில் தண்டு நுழைய வழி இருக்கிறதா என்றும் பாருங்கள். வழியில்லாத வண்டியில் வார்ப்பைக் குடைவதற்கு நான் சம்மதிக்க மாட்டேன்.

பி.டி.ஓ.வில் மாட்டும் பம்ப் மலிவு. ஒரே நாளில் மாட்டிவிடலாம். 540 சுற்றை உயர்த்த அதற்குள் ஒரு கியர் இருக்கும். ரோட்டவேட்டர் மாட்டும்போது கழற்ற வேண்டும், ஒற்றைக் கிளட்ச் வண்டியில் பழைய தொல்லை தொடரும். ஆண்டுக்கு ஒரு பருவம் மட்டும் லோடர் வேலை செய்பவர்களுக்கு அது போதும்.

டேங்க் குறைந்தது 30 லிட்டர் பிடிக்கட்டும். லோடரின் தூண்களையே டேங்க் ஆக்கியிருப்பார்கள், இடம் மிச்சம். ஆனால் வெல்டிங் கசடு உள்ளே இருந்தால் முதல் வாரமே பம்பைத் தின்றுவிடும், ஆகவே எண்ணெய் ஊற்றுமுன் கழுவிக் காட்டச் சொல்லுங்கள்.

பெரிய சிலிண்டர் போட்டால் பலம் கூடுமே?

கூடும். 50 மி.மீ. சிலிண்டர் 150 பாரில் மூன்று டன் தள்ளும், 63 மி.மீ. சிலிண்டர் நாலேமுக்கால் டன் தள்ளும். கூடவே அதே பம்பில் எழ அறுபது சதவீதம் கூடுதல் நேரம் எடுக்கும். அந்தக் கூடுதல் பலம் முன் அச்சை ஒடிக்கத்தான் உதவும். அழுத்தம் மிஞ்சினால் எண்ணெயைத் திருப்பிவிடும் ரிலீஃப் வால்வைத் திருகி அழுத்தத்தை ஏற்றுவதும் இதே கதைதான். வால்வு கத்துகிறது, பக்கெட் எழவில்லை என்றால், பாரத்தைக் குறைக்கச் சொல்கிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

கேட்லாக்கில் எந்த எண்ணைப் பார்ப்பது?

உயரம் என்று பெரிதாக அச்சிட்டிருப்பது பெரும்பாலும் பக்கெட் மாட்டும் பின்னின் உயரம். பக்கெட்டைக் கவிழ்த்தால் அதன் விளிம்பு அதற்கு 40, 60 செ.மீ. கீழே இறங்கிவிடும். உங்களுக்கு வேண்டியது கவிழ்த்த நிலையில் விளிம்புக்கும் தரைக்கும் உள்ள இடைவெளி. டேப்பை எடுத்துப் போய் உங்கள் டிரெய்லரின் பக்கப் பலகையின் உச்சியை அளந்துகொள்ளுங்கள். மேலே பலகை சேர்த்துக் கட்டும் வழக்கம் உண்டென்றால் அதையும் சேர்த்து அளக்க வேண்டும். அதைவிட ஒரு சாண் கூடுதல் இருந்தால் போதும். அதற்கும் மேல் உயரம் கேட்டால் கை நீளும், கை நீண்டால் சுமை முன்னால் போகும், மேலே போட்ட கணக்கு எல்லாம் இன்னும் கெடும்.

தூக்கும் திறனிலும் ஒரு சூது உண்டு. தரைமட்டத்தில் தூக்குவது ஒரு எண், உச்சத்தில் தூக்குவது வேறு எண். பக்கெட் மாட்டும் பின்னுக்கு நேராக அளந்தது ஒன்று, பக்கெட்டின் நடுவில் அளந்தது வேறொன்று. உச்ச உயரத்தில், பக்கெட்டின் நடுவில், எத்தனை கிலோ என்று கேளுங்கள். விற்பவர் தடுமாறினால் அதுவும் ஒரு பதில்.

எந்த லோடரும் எந்த வண்டிக்கும் பொருந்துமா?

கைகளும் பக்கெட்டும் பொருந்தும். வண்டியோடு இணைக்கும் சட்டம்தான் வண்டிக்கு வண்டி மாறும், அங்கேதான் பழைய வண்டிகள் பிழைப்பதும் சாவதும்.

லாரிக்கு இருப்பதுபோல் இந்த டிராக்டர்களுக்குத் தனியாகச் சேசிஸ் கிடையாது. எஞ்சின், கிளட்ச் கூடு, கியர்பெட்டி, பின் அச்சுக் கூடு எல்லாம் போல்ட்டால் கோத்து, அந்த வார்ப்பே முதுகெலும்பாக இருக்கிறது. லோடரை எஞ்சின் பக்கவாட்டிலும் கிளட்ச் கூட்டிலும் மட்டும் போல்ட் போட்டு நிறுத்தினால், ஒவ்வொரு முறை பக்கெட் மண்ணில் முட்டும்போதும் அந்தக் கோப்பு வளைய முயலும். வார்ப்பு வளையாது, ஒருநாள் விரியும். கிளட்ச் கூட்டில் இரண்டாகப் பிரிந்து நின்ற வண்டியைப் பார்த்தவர்களுக்கு இதற்குமேல் விளக்கம் வேண்டியதில்லை.

எனவே சட்டம் முன்பக்க வார்ப்பில் தொடங்கி, வண்டியின் இருபுறமும் ஓடி, பின் அச்சுக் கூடுவரை போய்ப் பிடிக்க வேண்டும். முட்டும் விசை வார்ப்பின் வழியாகப் போகாமல் சட்டத்தின் வழியாகப் பின் அச்சுக்குப் போய்விடும். பாதிச் சட்டம் போதும் என்று விற்பவரிடம் வாங்க வேண்டாம், விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும். பழைய லோடரின் சட்டத்தையே வைத்துக்கொண்டு கைகளை மட்டும் மாற்றலாமா என்றால், அந்தச் சட்டம் பின் அச்சுவரை போகிறது, விரிசல் இல்லை, துளைகள் தேயவில்லை என்றால் தாராளமாக.

சட்டம் மாட்டியபின் எண்ணெய் ஃபில்டர், ஸ்டார்ட்டர், டீசல் பம்ப் ஆகியவற்றுக்குக் கை போகிறதா, முன்கிரில்லைத் திறந்து ரேடியேட்டரை ஊத முடிகிறதா என்று பணம் கொடுக்குமுன் பாருங்கள். உமியும் நார்த்தூளும் உள்ள இடத்தில் ரேடியேட்டரை நாளைக்கு இருமுறை ஊத வேண்டிவரும்.

பவர் ஸ்டியரிங் இல்லாத வண்டியில் லோடர் மாட்டலாமா?

மாட்டலாம், தோள்பட்டைக்கு ஆகாது. முன்னால் ஒன்றரை டன்னுக்கு மேல் ஏறிய வண்டியைக் கையால் திருப்பத் திருப்ப ஸ்டியரிங் பெட்டியும் பந்து மூட்டுகளும் சீக்கிரம் ஆட்டம் காணும். லோடரில் ஒரு படி சின்னதாக எடுத்து, மிச்சப் பணத்தில் பவர் ஸ்டியரிங் போடுங்கள்.

முன் அச்சிலும் டயரிலும் என்ன செய்ய வேண்டும்?

லோடர் வருமுன், முன் அச்சை நடுவில் தாங்கும் சென்டர் பின், அதன் புஷ், சக்கர பேரிங் மூன்றையும் கழற்றிப் பார்த்துவிடுங்கள். ஜாக்கி வைத்து முன்பக்கத்தைத் தூக்கி, அச்சை முன்னும் பின்னுமாக ஆட்டினாலே சென்டர் பின்னின் கதை தெரியும்.

சக்கர அகலத்தை மாற்றும் நீட்டு அச்சு உள்ள வண்டியில், லோடர் வேலைக்கு முன் சக்கரங்களை உட்பக்கமாக வையுங்கள். வெளியே நீட்ட நீட்ட அச்சின் கை நெம்புகோலாகி வளையும். பின்சக்கரங்களை அகலமாக வையுங்கள். வண்டி பக்கவாட்டில் நிற்பது பின்சக்கரங்களால்தான். முன் அச்சு நடுவில் ஒரே பின்னில் ஆடுகிறது, அது தன் தடுப்பில் போய் இடிக்கும்வரை கவிழ்வதைத் தடுக்காது.

டயரில் வழக்கமான 6.00-16 அளவே இருந்தாலும் பிளை (டயரின் பலத்தைக் காட்டும் அடுக்கு எண்) கூடுதலாக வாங்குங்கள். 7.50-16 போட நினைத்தால் ரிம் அகலம் ஒத்துவருகிறதா, முழுதாகத் திருப்பும்போது சட்டத்தில் உரசுகிறதா என்று முதலில் பார்க்க வேண்டும்.

கம்பெனி லோடரா, பட்டறையில் செய்யச் சொல்வதா?

கம்பெனி லோடரில் உதிரி கிடைக்கும். ஒரே மாதிரி வண்டிகளில் பலமுறை மாட்டிச் சரிபார்த்த சட்டம் கிடைக்கும். கோயம்புத்தூரிலேயே டிராக்டர் லோடர் செய்யும் தொழிற்சாலை உண்டு. உற்பத்தி நின்றுபோன பழைய மாடல் என்றால் கம்பெனியில் சட்டம் கிடைக்காமல் போகலாம்.

பட்டறை லோடரை ஏளனமாகப் பேசுபவர்களோடு நான் ஒத்துப்போவதில்லை. திருச்செங்கோட்டில் ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டிகளின் புண்ணியத்தில் ஹைட்ராலிக் தெரிந்த கைகளுக்குப் பஞ்சமில்லை. அங்கே செய்யும் சிலிண்டரும் குழாயும் எந்தக் கம்பெனிக்கும் இளைத்தவை அல்ல. பட்டறைகள் சறுக்குவது வேறிடத்தில்: பலமாக இருக்கட்டும் என்று தகட்டைத் தடிமனாக்கிக்கொண்டே போவார்கள். 400 கிலோவில் முடியவேண்டிய லோடர் 600 கிலோ ஆகிவிடும். அந்த 200 கிலோவையும் முன் அச்சுதான் வாழ்நாள் முழுக்கச் சுமக்கும். எடை இத்தனை கிலோவைத் தாண்டக் கூடாது என்று பேசி, எடை மேடையில் நிறுத்திப் பார்த்தபின் மீதிப் பணம் தருவதாகச் சொல்லுங்கள்.

பழைய லோடர் ஒன்று விலைக்கு வந்திருக்கிறது. எப்படிப் பார்ப்பது?

பக்கெட் நிறைய மண் அள்ளி, உயர்த்தி, எஞ்சினை நிறுத்திவிட்டுத் தள்ளி நின்று டீ குடியுங்கள். குடித்து முடிப்பதற்குள் கண்ணெதிரே இறங்கினால் சிலிண்டர் சீலோ வால்வோ கசிகிறது. சீல் என்றால் சில்லறைச் செலவு, வால்வு உடல் தேய்ந்திருந்தால் வால்வையே மாற்ற வேண்டும். அந்த வித்தியாசத்தை விலையில் பேசலாம்.

சிலிண்டர் தண்டை நகத்தால் நீளவாக்கில் வருடிப் பாருங்கள். நகம் தட்டினால் குரோம் பெயர்ந்திருக்கிறது. அது சீலை அறுத்துக்கொண்டே இருக்கும். ஹோஸில் வெடிப்புத் தெரிந்தால் எல்லா ஹோஸையும் மாற்றும் செலவைச் சேர்த்துக்கொள்ளுங்கள். கசிவைக் கையால் தடவிப் பார்க்கும் பழக்கம் மட்டும் வேண்டாம். ஊசித்துளை வழியாகப் பீறிடும் எண்ணெய் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும், வெளியே சின்னப் புள்ளிதான் தெரியும். உடனே அறுவைச் சிகிச்சை செய்யாவிட்டால் விரலையோ கையையோ எடுக்க வேண்டிவரும். அட்டைத் துண்டைப் பிடித்துப் பாருங்கள்.

கண்ட்ரோல் வால்வில் மிதவை நிலை இருக்கிறதா என்றும் கேளுங்கள். லீவரை அதில் வைத்தால் பக்கெட் தரையின் ஏற்ற இறக்கத்தோடு தானே போகும். களம் வழிக்க அது இல்லாமல் முடியாது.

லோடர் வேலையில் கிளட்ச் சீக்கிரம் போகிறதே?

முன்னே போ, பின்னே வா என்று நாளெல்லாம் கியர் மாற்றும் வேலை அது, போகத்தான் செய்யும். பழைய கியர்பெட்டியில் வண்டி முழுதாக நின்றபின்தான் ரிவர்ஸ் விழும். அவசரப்பட்டால் கியர்ப் பல் உதிரும். தாழ்ந்த கியரில், பாதிக் கிளட்ச் பிடிக்காமல், டிரெய்லரைக் குவியலுக்குப் பக்கத்தில் சாய்வாக நிறுத்தி ஓட்டத்தைக் குறைப்பதுதான் வழி. ஓட்டுநர் மாறினால் கிளட்சின் ஆயுளும் மாறுவதைப் பார்த்திருப்பீர்கள்.

ஆர்.டி.ஓ., இன்ஷூரன்ஸ் பக்கம் ஏதாவது செய்ய வேண்டுமா?

1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு, பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்களுக்கு மாறுபடும்படி வண்டியை மாற்றியமைக்கக் கூடாது என்கிறது. சாலையில் ஓட்டப்போகிறீர்கள் என்றால் மாட்டுமுன் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் விசாரித்து, இன்ஷூரன்ஸ் நிறுவனத்துக்கு எழுத்தில் தெரிவித்து, அவர்கள் பதிலைக் கோப்பில் வைத்துக்கொள்ளுங்கள். விவசாய வேலைக்குப் பதிந்த வண்டியை லோடர் வாடகைக்கு விட்டால் விபத்து நேரும் நாளில் பாலிசி கைகொடுக்காமல் போகலாம்.

இதை வைத்து மண் தோண்டலாமா?

கூடாது. கொட்டி வைத்ததை அள்ளத்தான் இது. இறுகிய தரையை வெட்ட ஜேசிபியை மணிக்கணக்கில் வாடகைக்கு எடுங்கள். ஆண்டில் நான்கைந்து முறைதான் தோண்டும் வேலை என்றால் அதுவே மலிவு. பக்கெட்டைத் தரையில் அழுத்தி முன்சக்கரங்களைத் தூக்கிக்கொண்டு பின்னால் இழுப்பதும் வேண்டாம். கை முறுக்கிக்கொள்வது பெரும்பாலும் அப்போதுதான்.

பாரத்தோடு நகரும்போது பக்கெட் முழங்கால் உயரத்தைத் தாண்ட வேண்டாம். டிரெய்லர் ஓரம் போனபிறகு தூக்கினால் போதும். வைக்கோல் உருளையைப் பக்கெட்டில் வைத்துத் தூக்கினால் அது கைகளின் வழியாக உருண்டு ஓட்டுநர் மடியில் விழும். அதற்கு முள் கொண்ட தனிப் பிடி வேண்டும். தேங்காய் பறிக்க, விளக்கு மாட்ட என்று பக்கெட்டில் ஆளை ஏற்றக் கூடாது. உயர்த்திய கைகளுக்கு அடியில் வேலை பார்க்க வேண்டியிருந்தால், சிலிண்டர் தண்டில் தாங்கு இரும்பைப் பூட்டிவிட்டுப் போங்கள். அந்த இரும்பு லோடரோடு வரவில்லையென்றால் கேட்டு வாங்குங்கள்.

மாட்டியபின் முதலில் என்ன பார்க்க வேண்டும்?

முதல் பத்து மணி நேர ஓட்டத்துக்குப் பிறகு சட்டத்தின் எல்லா போல்ட்டையும் டார்க் ஸ்பானரால் மறுபடி இறுக்குங்கள். புதுச் சட்டம் வார்ப்பில் படிந்து உட்காரும்போது போல்ட் தளரும். தளர்ந்த போல்ட் துளையைத் தின்றுவிடும். ஐம்பது மணி நேரத்தில் ஹைட்ராலிக் ஃபில்டரை மாற்றுங்கள், உள்ளே சேர்ந்த இரும்புத் தூளைப் பார்த்தால் ஏன் என்று புரியும். பின்-புஷ் எல்லாவற்றுக்கும் தினமும் காலையில் கிரீஸ் அடிக்க வேண்டும். பக்கெட்டைத் தரையில் இறக்கி, பாரமில்லாத நிலையில் அடித்தால்தான் கிரீஸ் சுற்றிலும் போய்ச் சேரும்.